கப்பலிலிருந்து தெரிந்த சுவர்

அன்பு மகள் அஸிமினாவுக்கு அப்பா யாக்கூமிஸ் சொல்லச் சொல்ல, வாத்தியாரம்மா எவந்தியா எழுதுவது. நானும் உன் அம்மாவும், இரண்டு பேரும், உயிரோடும் மூச்சோடும் இருக்கிறோம். இரண்டு பேரும் என்பதை அழுத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் முதலில் வருகிற வழக்கமான பேச்சுதானே என்று நீ இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உன் அம்மா செவஸ்தி சாகவில்லை, மகளே. இதோ இந்த நேரத்தில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தபடி மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள், நான் சொல்லும்போது கத்துகிறேனாம், கடிதம் காதால் கேட்காது என்று என்னைத் திட்டுகிறாள். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு இடத்தில் உட்கார். தண்ணீர் குடி. பிறகு மற்றதைப் படி.

நீ வேலை பார்க்கிற வீட்டுக்காரர்களோடு கப்பலில் வருகிறாய், காலையிலிருந்து பொழுது சாயும்வரை கப்பல் நம் தீவில் நிற்கும், அவர்கள் கோவேறு கழுதை ஏறி மலைமேல் மடத்தைப் பார்த்துவரும் நேரத்தில் நீ வீட்டுக்கு வந்துபோக உத்தரவு வாங்கியிருக்கிறாய் என்று உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் தூக்கம் இல்லை. அந்த வியாழக்கிழமைக்காகக் குட்டியாட்டை உருளைக்கிழங்கோடு ரொட்டிக்காரன் அடுப்புக்குக் கொடுத்தனுப்பினோம். நான் என் கறுப்புக் கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு விடியும் முன்பே துறைக்குப் போய்விட்டேன். கழுதைக்காரர்கள், கடற்பஞ்சு விற்பவர்கள், காப்பிக்கடை நாற்காலிகள், எல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது வாடைக்காற்று. உன் கப்பல் முனையைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன், வெள்ளை மாளிகை மாதிரி இருந்தது, கடல் அதை ஊஞ்சல் ஆட்டியது. படகு இறக்குவார்கள், இறக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன், இறக்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போடா என்று மீன்காரன் பந்தெலிஸிடம் கெஞ்சினேன், கிழவனைக் கடலில் போட்ட பாவம் தனக்கு வேண்டாம் என்று அவன் மட்டும் படகை எடுத்துக்கொண்டு போனான். கப்பல் ஏணியை இறக்கவில்லை, பக்கத்தில் போகவும் விடவில்லை. உன்னைப் பார்த்தானாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். அவனைப் பார்க்காமல் ஊரையே மேலே பார்த்துக்கொண்டிருந்தாயாம், திடீரென்று தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பிடுங்கிப்போட்டு, நெற்றியில் அறைந்துகொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாயாம். "அழுதுச்சு மாமா. வூட்டக் கண்ணால பாத்தும் எறங்க முடியலன்னா யாருதான் அழமாட்டா" என்றான். நானும் அப்படியே நம்பினேன். கப்பல் ஊதிவிட்டுப் போய்விட்டது. ஆட்டுக்கறியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம், உன் அம்மா ஒரு வாய் தொடவில்லை, வீட்டையாவது பார்த்துவிட்டுப் போனாளே என்று மட்டும் சொன்னாள்.

வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாய். அதுதான் மகளே வினையாகிவிட்டது. காற்று அடங்கிய பிறகு பந்தெலிஸோடு வலை எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது தலையை நிமிர்த்தி ஊரைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு வெள்ளையடித்த வீடுகள் எல்லாம் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தன, நடுவில் நம் வீடு மட்டும் வாய்க்குள் சொத்தைப்பல் மாதிரி கறுத்து நின்றது. துடுப்பு கையை விட்டுப் போய்விட்டது. பந்தெலிஸ் என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஊரைப் பார்த்தான், மிதந்துபோன துடுப்பை எட்டிப் பிடித்தான். நம் ஊரில் ஈஸ்டருக்கு வெள்ளையடிக்காமல் நிற்பது சாவு விழுந்த வீடு மட்டும்தானே. இதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நீயே அம்மாவோடு தூரிகை பிடித்து வளர்ந்தவள். துறையில் அம்மா இல்லை, அப்பன் தனியாகக் கறுப்புக் கோட்டில் நிற்கிறான், மேலே வீடு கறுத்து நிற்கிறது. நீ வேறு என்ன நினைத்திருப்பாய்?

நடந்தது இதுதான். நோன்புக் காலத்தில் உன் அம்மாவுக்கு மார்புச்சளி பிடித்தது, இறங்கவே இல்லை. பெரிய தீவிலிருந்து வந்த டாக்டர் சுண்ணாம்புத் தூசியும் நெடியும் அவள் கிட்டேயே வரக்கூடாது என்றுவிட்டார். அவளோ புனித வாரம் வந்ததும் எழுந்து வாளியைத் தேடினாள், நான் தூரிகையைக் கோழிக்கூண்டுக்குள் ஒளித்துவைத்தேன். பக்கத்து வீட்டுக் கலோமிரா வாசலில் நின்று, உயிரோடு ஆள் இருக்கிற வீட்டை எழவு வீடாக்கி வைக்காதே, எழவு வீடு மாதிரி தெரிந்தால் எழவே வந்து சேரும் என்றாள். சுவருக்காக நெஞ்சா, நெஞ்சுக்காகச் சுவரா என்று அவள் வாயை அடைத்தேன். அந்தச் சுவரை யார் பார்க்கப்போகிறார்கள் என்றுகூடச் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், அதனால் எனக்குத் தோன்றவேயில்லை. கடலிலிருந்து ஒருத்தி பார்ப்பாள் என்று நினைக்கவில்லை. சீக்கு விஷயத்தையும் உனக்கு எழுதவில்லை, அந்நியர் வீட்டில் நின்று அழுவாயே என்றுதான். இப்போது அவள் தேறிவிட்டாள். இருமல் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, வாயும் இருக்கிறது.

ஆனால் இதை நீ எப்படி நம்புவாய் என்பதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உன் ஞானத்தாய் மருசா கண்ணை மூடியபோது, தூரத்தில் இருக்கிற பிள்ளை தாங்காது என்று நம் ஊர் வழக்கப்படி உனக்குச் சொல்லவில்லை. கடிதத்துக்குக் கடிதம் மருசா முத்தம் தருகிறாள் என்று எழுதிக்கொண்டிருந்தோம். தெரிந்தபோது, இனி நீங்கள் எழுதுவதை நம்பமாட்டேன், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று எழுதினாய். இப்போது கண்ணால் பார்த்துவிட்டாய். இனி என் எழுத்து எந்த மூலைக்கு?

தந்தி ஆபீசுக்குப் போனேன். கடலில் போகிற கப்பலுக்குச் சேதி அனுப்ப இங்கே இருக்கிற தந்திப் பெட்டியால் ஆகாதாம். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் ஆபீசுக்குத் தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. யார் மேசையில் எந்தக் காகிதத்துக்கு அடியில் கிடக்கிறதோ. இந்தக் கடிதம் நாளைத் தபால் கப்பலில் அதே ஆபீசுக்கு வருகிறது, இதே மாதிரி இன்னொன்று நீ வேலை பார்க்கிற மெல்பர்ன் வீட்டுக்கும் போகிறது. எது முந்தினாலும் சரி. இதற்கிடையில் உன் கப்பல் சைப்ரஸ் பக்கம் போய்விட்டுத்தான் பிரேயஸுக்குத் திரும்பும் என்கிறார்கள். அங்கே நம் கோயில்கள் இருக்கின்றன, நீ இறங்கியதும் கோயிலைத்தான் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். மகளே, உன் அம்மா பெயரை இறந்தவர்கள் பெயரோடு வாசிக்கக் கொடுத்துவிடாதே. செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி அவளுக்காகக் கோதுமை வேகவைத்துப் படைக்காதே. உயிரோடு இருக்கிறவளை அந்தப் பக்கத்து வரிசையில் நிறுத்துவது நல்லதில்லை. கொடுத்துவிட்டிருந்தால், அந்தப் பாதிரியாரிடமே போய் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் மாற்றி வாசிக்கச் சொல். நான் நம் பாதிரியாரிடம் கேட்டேன். "கடவுளுக்கு ஆளு தெரியும் யாக்கூமிஸ், பேர மாத்திப் படிச்சாங்கன்னு ஆள மாத்திக் கூப்புடமாட்டாரு" என்றார். சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், மனம் ஆறவில்லை. அவள் இருமினால் எழுந்து உட்காருகிறேன், இருமாவிட்டால் மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்க்கிறேன். உன் நினைப்பு வேறு. கப்பல் கம்பி ஓரம் தனியாக நிற்காதே. அந்த வீட்டுக் குழந்தைகளைக் கவனிக்கிறேன் என்று சாப்பிடாமல் கிடக்காதே. துணியைக் கறுப்பில் முக்கியிருந்தால் தூக்கிக் கடலில் போடு.

இதையெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதிவிடலாம் என்றுதான் பார்த்தேன். வாத்தியாரம்மா மைக்கூடும் இரண்டு தாளுமாக வந்ததைப் பார்த்துவிட்டாள், ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு தாள் என்று பிடித்துக்கொண்டாள். சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொரு மொச்சையை எடுத்து உரித்தாள். பிறகு, "ஒரு வாளி சுண்ணாம்பு அடிக்காம என்னயக் கொன்னுட்டியேய்யா" என்றாள். நான் எழுதுவதை நீ எப்படி நம்புவாய், செத்த மருசாவிடம் முத்தம் வாங்கி அனுப்பினவன் நானாயிற்றே என்று கேட்டாள். வாத்தியாரம்மாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், தான் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் எழுதச் சொன்னாள். "அடியே அஸிமினா, செவப்புக் கவுனப் பத்தி உங்கப்பன்கிட்ட இன்னும் சொல்லல. அது அங்கயேதான் இருக்கு. எலியும் தொடல." அவ்வளவுதான் அவள் சொன்னது.

எந்தச் சிவப்புக் கவுன் என்று கேட்டேன். இந்த வீட்டில் சிவப்புக் கவுன் ஒன்றை நான் கண்டதே இல்லை. யாருடையது, எங்கே இருக்கிறது, எதற்கு என்னிடம் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். அது அவளுக்கும் உனக்கும் உள்ள விஷயமாம், நான் போய்க் கோழியைப் பார்க்க வேண்டுமாம். வாத்தியாரம்மாவும் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறார். உன் அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலிலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தை எழுத வழி இருந்தால் இந்தத் தாள் முழுக்க அதையே எழுதச் சொல்லியிருப்பேன்.

பிரேயஸில் இறங்கியதும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பார், விட்டால் நம் தபால் கப்பலில் ஏறி வா, விடாவிட்டால் அவர்களோடு சண்டை போடாதே, வேலை முக்கியம். ஆனால் வந்தாலும் வராவிட்டாலும் உடனே ஒரு தந்தி கொடு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், சிவப்பு என்ற ஒரு வார்த்தை போதும், உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நீ நம்பிவிட்டாய் என நான் தெரிந்துகொள்கிறேன். கவுன் எது என்று எனக்குத் தெரியாமலே போனாலும் பரவாயில்லை. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ நடக்கிற தரையும் மிதக்கிற தண்ணீரும் உனக்குச் சாந்தமாக இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத் தந்தி ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிற

உன் அப்பா
யாக்கூமிஸ்
(அவர் கையால் போட்ட சிலுவைக் குறி. பக்கத்தில் இருப்பது உன் அம்மா போட்டது, மொச்சைக் கறை அதில்தான்.)