உன் அண்ணன் காட்டிய ஆள்

12.11.2007

அன்பு மகள் கமருன்னிஸாவுக்கு அம்மா ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மூவரும் நலம், என் முழங்காலைத் தவிர. ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லலாமென்றால் உன் அத்தா பக்கத்திலேயே நின்று திருத்தம் சொல்கிறார், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் ஜெக்கரியாவுக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது, சட்டைப் பொத்தான் போட இன்னும் நான்தான் வேண்டும். எங்களுக்குப் பிறகு அவனுக்குப் பொறுப்பாளர் யார் என்று முடிவு செய்யப் போன திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடப் பிறந்த தம்பி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன் சின்னத்தா அத்தர் பூசிக்கொண்டு கூடவே வந்தார். வழியில் வாய்க்காலோர ஆறு மா நிலம் யார் பேருக்கு வரும் என்று மூன்று தடவை கேட்டார், இவன் என்ன சாப்பிடுவான் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

அந்த ஆறு மாவைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற பக்கிரியோடுதான் உன் அத்தா பதினோரு வருஷமாக வழக்காடுகிறார், நிலத்தை விடு என்று இவரும் முடியாது என்று அவனும். ஆனால் ஜெக்கரியா தினமும் போவது அவன் வீட்டுக்குத்தான். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அங்கே இருக்கிறது, நம் வீட்டு டிவியில் உன் அத்தா செய்தியைத் தவிர எதையும் பார்க்க விடுவதில்லை. பக்கிரி பெண்டாட்டி அமிர்தம் மீனில் முள் எடுத்து இவனுக்குக் கொடுப்பாள்.

அதிகாரியம்மா தன்மையாக, அப்பா அம்மா இல்லாத நாளில் யார் வீட்டில் இருப்பாய் தம்பி என்று கேட்டார். சின்னத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். இவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பக்கிரி அண்ணன் வீட்டுல" என்றான். வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்க வந்த பக்கிரி வெளியே வரிசையில் நின்றிருந்தான். உள்ளே கூப்பிட்டதும், வக்கீல் இல்லாமல் பேசமாட்டேன் என்றான். விஷயம் புரிந்ததும், "இப்பவே எங்க வீட்லதாங்க இருக்காரு. படுக்கத்தான் அங்க போறாரு" என்றான். சின்னத்தாவுக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

நிலத்தை உழுகிறவரிடமே நிலத்தின் பொறுப்பையும் கொடுக்க முடியாது, ஆளைப் பக்கிரியும் அமிர்தமும் பார்க்கட்டும், நிலத்தையும் அதில் வரும் நெல்லையும் மகள் பார்க்கட்டும், எல்லோரும் சம்மதக் கடிதம் கொடுங்கள் என்றார் அதிகாரியம்மா. யோசித்துச் சொல்வதாக உன் அத்தா எழுந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஜெக்கரியாவை நடுவில் வைத்து உன் அத்தாவும் பக்கிரியும் ஒரே சீட்டில் உட்கார நேர்ந்தது. பக்கிரியைத் தள்ளி உட்காரச் சொல்லு என்று இவர் மகனிடம்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் அவனைக் காட்டினாய் என்று கேட்டார். "அத்தா எவ்வளவு திட்டினாலும் பக்கிரி அண்ணன் மறுநாளும் வந்து என்னைக் கூப்புடறாருல்ல" என்றான். உன் அத்தா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மறுநாள் காலையிலேயே வக்கீலிடம் போய், வழக்கு வாபஸ், நிலம் ஜெக்கரியா பேரில், குத்தகை பக்கிரிக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோர்ட்டுக்கு நடந்து கால் வலிக்கிறதாம், அதனால்தானாம். நீயும் நம்பியது போலவே இரு.

உன் சம்மதக் கடிதத்தைத் தாமதிக்காமல் அனுப்பு, இவருக்குக் கால்வலி தீர்வதற்குள் வந்துவிட வேண்டும். வெயிலில் அலையாதே, பேத்திக்கு எண்ணெய் தேய்த்து விடு. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. பக்கிரிக்கும் அமிர்தத்துக்கும் தனியாக நாலு வரி எழுதிப் போடு மகளே. உன் அத்தா சொல்லமாட்டார். நான் இரண்டு தடவை அவர்கள் வாசல்வரை போய், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உன் அம்மா,
ரஹ்மத் பீவி