அனன்யா அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

கச்சேரி சாலை, மயிலாப்பூர்
சனிக்கிழமை

அன்பு மகள் சிம்ராவுக்கு,

அம்மாவின் ஸலாம். இதைப் படிக்கும் நேரத்தில் நீ தனியாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வந்திருக்கக் கூடாது என்று துஆ செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். போனில் தட்டினால் பாதியிலேயே கை பட்டு உனக்கு வந்துவிடும். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நேற்று நீ சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "சரி, சரி, வேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். நீயும் அனன்யாவும் பாடம் நடத்துகிற டிரஸ்டின் மேடம், இந்தியாவிலிருந்து வந்த தொண்டர்கள் இலவசமாக இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு, கிராமத்துப் பெற்றோரிடம் ரகசியமாகக் கட்டணம் வாங்கியிருக்கிறாள். யாரோ ஒரு தகப்பன் போலீசில் சொல்லிவிட்டான். மேடம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பணம் வாங்கியது அனன்யா என்று சொல், இல்லாவிட்டால் இரண்டு பேர் விசாவும் போய்விடும், காலேஜ் சீட்டும் போய்விடும் என்றாள். நீ போலீசிடம் அப்படியே சொல்லிவிட்டாய். அவர்கள் அனன்யாவின் பாஸ்போர்ட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு, அவளை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை மறுபடி விசாரணை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். கேட்டதும் என் பிள்ளை தப்பித்துவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. க்ளினிக் வேலையில் நேற்று முழுக்க டோக்கன் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். டாக்டர் திட்டினார். என் காதில் ஏறவில்லை.

இன்று காலை அனன்யாவின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் கோமளம் ஆன்ட்டி. உங்கள் இரண்டு பேரையும் ஏர்போர்ட்டில் வழியனுப்பியபோது பழகியவர். அதற்கப்புறம் நாங்கள் போனில் பேசாத வாரமே இல்லை என்பது உனக்கே தெரியும். உட்காரக்கூட இல்லை. "மூணு நாளா அவ போன் ஸ்விட்ச்டு ஆஃப்னே வர்றது. ஆத்துல யாரும் சரியா சாப்பிடலை. சிம்ரா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, என் போனிலிருந்து உனக்குப் போடச் சொன்னார். நீ எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போட்டேன். நீ எடுத்துவிட்டாய். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. "அவளுக்கு ஜுரம் ஆன்ட்டி, மாத்திரை போட்டுத் தூங்குறா" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய் சிம்ரா! அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நீ அவ பக்கத்துல இருக்கியோன்னோ, அது போறும் நேக்கு. நன்னா இரும்மா" என்றார். என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, என் பிள்ளையை வாழ்த்தினார்.

போன மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது உன் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவள் அனன்யா. கஞ்சி வைத்துக் கொடுத்து வீடியோவில் எனக்குக் காட்டியவளும் அவள்தான்.

ஆன்ட்டியை ஆட்டோ ஏற்றிவிட சாலை முனை வரை கூடவே போனேன். அங்கே நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நீ போலீசிடம் சொன்னதையும் சேர்த்து. உன்னைக் கேட்காமல் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்போ அவ எங்க இருக்கா?" என்றார். தெரியாது என்றேன். "உங்க பொண்ணா அப்படிச் சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். அதையே இன்னொரு தடவை கேட்டார். பிறகு அந்த மேடத்தின் பெயரும் நம்பரும் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

சாயங்காலம் அனன்யாவின் அண்ணன் சாய்நாத் தரமணி ஆபீசிலிருந்து பேசினான். தூதரகத்தில் பேசிவிட்டானாம். அவர்கள் விசாரித்திருக்கிறார்கள். கூடத் தங்கியிருந்த இந்தியப் பெண்ணே சாட்சி சொல்லியிருப்பதால், அவளே மாற்றிச் சொன்னால் ஒழிய புதன்கிழமைக்கு முன்னால் ஒன்றும் நகராது என்கிறார்களாம். மரியாதையாகத்தான் பேசினான். கடைசியில் மட்டும், "உங்க பொண்ணு கிட்ட சொல்லுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறக்குமுன் போனை வைத்துவிட்டான்.

அத்தாவிடமும் சொல்லிவிட்டேன். சைதாப்பேட்டைக் கடைக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "சின்னப் பொண்ணு, பயந்துட்டா" என்றார். செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கும் அதே வயசுதானே" என்றார். அதற்கு மேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரே செமஸ்டர். பாடம் நடத்தினால் தங்க இடம், பாதிக் கட்டணம் என்று நீயே தேடிக் கண்டுபிடித்து, அத்தாவைச் சம்மதிக்க வைத்துப் போனாய். நம்மால் வேறு எப்படியும் உன்னை வெளிநாட்டில் படிக்க வைத்திருக்க முடியாது. மாற்றிச் சொன்னால் அதெல்லாம் போகலாம். பொய் சொன்னதற்காக உன்னையும் பிடிக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன். போய்ச் சொல்.

மேடத்திடம் எதுவும் பேசாதே. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பகலிலேயே ஹாஸ்டலை விட்டுக் கிளம்பு. தூதரக அதிகாரியின் நம்பரை சாய்நாத் கொடுத்தான், அதை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். அவரிடம் போ. அவர் இல்லாமல் போலீசுக்குத் தனியாகப் போகாதே. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பு மகளே. நான் போனைக் கீழே வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
கைசர் ஜஹான்


கச்சேரி சாலை, மயிலாப்பூர்
வெள்ளிக்கிழமை

என் கண்ணு சிம்ராவுக்கு,

அம்மாவின் ஸலாம். நீ அந்த அதிகாரியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனதிலிருந்து வெளியே வந்து பேசும் வரை நானும் அத்தாவும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. வந்தவர்கள் யாரோ செத்துப்போன வீடு என்று நினைத்திருப்பார்கள். உன் குரலைக் கேட்ட பிறகுதான் அத்தா எழுந்து முகம் கழுவினார்.

சாய்நாத் இன்று மறுபடி பேசினான். அனன்யாவை விட்டுவிட்டார்களாம், பாஸ்போர்ட்டும் திரும்பக் கிடைத்துவிட்டதாம். கட்டணம் கொடுத்த பெற்றோர் நாலைந்து பேர் மேடத்தைக் கை காட்டிவிட்டதால் அவள் இப்போது உள்ளே. அனன்யாவை அதே காலேஜில் படிப்பை முடிக்க விடுகிறார்கள். உன்னை மட்டும் நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இதை அவன் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

நீ கேட்டது ஒன்றுதான், ஆன்ட்டி ஏதாவது சொன்னாரா என்று. நேற்று கபாலீஸ்வரர் கோயில் குளத்தருகே பூக்கடையில் அவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்தார். பூவைக்கூட வாங்காமல் எதிர்ப்பக்கம் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. எந்த உரிமையில் கூப்பிடுவேன்? அடைத்து வைத்த இடத்தில் அவர் மகள் அத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாளோ, அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அனன்யா உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதற்கு நீ அழுதாய். அழு. ஆனால் அவள் கதவை மறுபடி போய்த் தட்டாதே. மெசேஜ் மேல் மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்காதே. ஒரு தடவை கேட்டாய் அல்லவா, அது அவளிடம் இருக்கட்டும். எப்போதாவது அவளாகக் கூப்பிட்டால் எடு. கூப்பிடாமலே போனாலும் அவளைக் குறை சொல்லாதே.

படிப்பைப் பற்றி இப்போது யாரும் உன்னிடம் பேச மாட்டார்கள். ஊர்க்காரர்கள் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வந்துவிட்டாள் என்று மட்டும் சொல்வேன்.

ஏர்போர்ட்டுக்கு அத்தாவும் நானும் வருகிறோம். அவர் சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். உன்னைப் பார்த்ததும் அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அதைக் கோபம் என்று நினைத்துவிடாதே. நீ அவர் பக்கத்திலேயே நட.

அல்லாஹ் உன்னை வழியில் காப்பானாக. அங்கே தனியாக இருக்கும் அந்தப் பிள்ளையையும் காப்பானாக. விமானத்தில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. ஏறிவிட்டேன் என்று மட்டும் போடு, போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா