மூச்சுச் சத்தம் போதும்

குபத்தின் அப்பாவுக்கு என் சலாம். நலமாக இருக்கிறீர்களா? நம் ஊர் நாரினில் பனி தொடங்கியிருக்கும். முழங்காலுக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள்ளுங்கள். இங்கே மாஸ்கோவில் நான் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை. என்னோடு துப்புரவு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் ஒன்றாக வந்து என் அறை வாசலில் நின்றார்கள். சாவுச் செய்தியை நம்மவர்கள் போனில் சொல்வதில்லை, இப்படிக் கூடி வந்துதானே சொல்வார்கள். அங்கே படுக்கையில் கிடக்கும் என் அம்மாவை நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி? ரயில்ல புத்தகம் படிச்சிக்கிட்டே இறங்குற இடத்தத் தாண்டிப் போயிடுறீங்களாமே. கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு பாக்க வந்தோம்" என்றாள் ஜிபாரா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அது இயற்பியல் புத்தகம், என்னைப் போன்றவர்களுக்காக எளிமையாக எழுதியது. தொலைவில் உள்ள இரண்டு இடங்களுக்குப் பொதுவான 'இப்போது' என்று ஒன்று இல்லை என்கிறது. நட்சத்திரங்களுக்கு அது பெரிய விஷயம். மாஸ்கோவுக்கும் நாரினுக்கும் இடையே அது ஒன்றுமே இல்லை. தெரிந்தும் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஏனென்றால் இந்த மாதம் முழுவதும், எப்போது போனில் கேட்டாலும், "அம்மா தூங்குறாங்க" என்றே சொல்கிறீர்கள்.

என்னிடம் எதையும் மறைக்காதீர்கள். யாரையும் என் வாசலுக்கு அனுப்பாதீர்கள். தூங்கினாலும் பரவாயில்லை, போனை அவள் வாயருகே வையுங்கள். பேச வேண்டாம், மூச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இது கிடைத்த அன்றைக்கே செய்யுங்கள்.

அனார்குல்