தூக்கிய கை

கடத்தூர்
11.08.2025

அன்புள்ள மணிமேகலைக்கு,

நலம்தானே? உன் விடுதியில் போன் தரமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நேற்று சைக்கிள் பந்தயம் முடிந்ததும் சாப்பிடாமல் வேனில் ஏறிவிட்டாய். உன் பங்கு எலுமிச்சைச் சாதத்தையும் நானே சாப்பிட்டேன்.

மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒருத்திதான் போக முடியும், அது நானாகிவிட்டது என்பதில் எனக்கும் வருத்தம்தான். அதியமான்கோட்டையிலிருந்து வத்தல்மலைக் கடைசி வளைவுகள் வரை நீதானே முன்னால் இருந்தாய்! உன் செயின் கழன்றது எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணெல்லாம் வேர்வை. மேலே போன பிறகு பயிற்சியாளர் பிரபாகர் சார் சொல்லித்தான் தெரியும். பேசாமல் இருந்துவிடாதே.

உன் அன்புத் தோழி,
வெண்மதி

தருமபுரி
16.08.2025

அன்பு வெண்மதி,

கோபமில்லை. அழுவதை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் வேனில் ஏறினேன்.

மே மாத முகாமில் புத்தகமும் கையுமாக வந்து வகுப்பெடுத்தாயே, நினைவிருக்கிறதா? "வெளிநாட்டுப் பந்தயத்துல எழுதாத சட்டம் இருக்குடி. முன்னால போறவ சைக்கிள் பழுதானா கையத் தூக்கணும். பின்னால வர்றவ முந்தாம நிக்கணும்" என்றாய். "இது என்ன கல்யாண வூடா, நீங்க மொதல்ல உக்காருங்கன்னு சொல்ல?" என்று நான்தான் கேலி செய்தேன்.

ஆனாலும் செயின் கழன்றதும் கையைத் தூக்கினேன். நீ நிற்பாய் என்று நிதானமாகவே மாட்டினேன். நிமிர்ந்தபோது நீ அடுத்த வளைவில் இருந்தாய்.

விடுதிக்குப் பார்க்க வந்த அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள பாத்திருந்தா நின்னிருக்கும், வுடுடி" என்றது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்புடன்,
மணி

கடத்தூர்
20.08.2025

மணி,

பார்த்தேன். உன் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறுகூடத் தெரிந்தது. பிரேக்கில் விரலை வைத்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டு, எழுந்து நின்று மிதித்தேன். போன கடிதத்தில் எழுதிய வேர்வை பொய்.

உன் அம்மா சொன்னதைப் படித்த நாளிலிருந்து கண்ணாடி பார்த்துத் தலைசீவ முடியவில்லை. நேற்று பிரபாகர் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் இடத்தை உனக்குத் தரச் சொன்னேன். அவர் சிரித்தார். "எந்த ரூல்ல இருக்குதும்மா அது? பேரு அனுப்பியாச்சு. போயி பிராக்டீஸ் பண்ணு."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது மணி. உன்னை முந்தியதைவிட அதுதான் அதிகம் கூசுகிறது. இதையும் மறைத்தால் நான் உனக்கு எழுதத் தகுதியில்லாதவள்.

தோழி என்று போடக் கை வரவில்லை.
வெண்மதி

தருமபுரி
02.09.2025

வெண்மதிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அது இன்னும் உன்னை நல்ல பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாநிலப் போட்டியில் நன்றாக ஓட்டு. வழியில் செயின் கழன்றால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்காதே. சீக்கிரம் மாட்டிக்கொண்டு கிளம்பு.

மணிமேகலை