அப்பாவின் மெஷினுக்கு நான் வைத்த சுருதி

மார்ச் 9, சனி

தங்கம் தேடும் புது டிடெக்டர் வந்துவிட்டது. மரம் அறுக்கும் மில்லில் அப்பா ஓய்வுபெற்றதற்கு அங்கே வேலை செய்பவர்களும் அம்மாவும் சேர்ந்து வாங்கிய பரிசு. சமையலறை மேஜையில் பெட்டியை வைத்துவிட்டு அப்பா இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார், யாரோ வீட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்ன மாதிரி.

"நீ பண்ணு, டீகன். நீதான படிச்சவ."

டிசம்பரில் பட்டம் வாங்கியதிலிருந்து வீட்டில் எனக்குப் 'படிச்சவ' என்றுதான் பெயர். மழை வருமா என்று கேட்டாலும் நிலவியல் படித்தவள்தான் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பக்கத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஆள் வேறு இல்லை. கூச்சமாக இருக்கும். பிடிக்கவும் செய்யும். இன்றைக்குப் பிடித்தது.

தண்டை மாட்டினேன், கீழே தட்டு போலிருக்கும் காயிலைத் திருகினேன், வயரைத் தண்டில் சுற்றினேன். புத்தகத்தை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றாக வைத்தேன். காதில் எப்போதும் கீச்சென்று ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் உலோகம் வந்தால் அந்த இரைச்சல் உடையும். பெரிய துண்டென்றால் யாருக்கும் கேட்கும். அரிசி அளவுத் தங்கம் என்றால் இரைச்சலில் ஒரு சின்ன நெளிவு மட்டும்தான். அந்த நெளிவைக் கேட்கிறவன்தான் தங்கம் எடுப்பான்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பழசு மாதிரி உறும வை. அது போதும்."

"உறும எல்லாம் வேண்டாம்ப்பா. சரியான சுருதியிலதான் வச்சு அனுப்பியிருக்காங்க. மாத்தாதீங்கன்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"சரி. புத்தகம் சொன்னா சரி."

அம்மாவின் மோதிரத்தைத் தரையில் போட்டு, அப்பா காதில் ஹெட்ஃபோனை மாட்டி, நான் காயிலை அதன்மேல் வீசினேன். கேட்கிறதா என்றேன். "ம், நல்லா" என்று தலையாட்டினார். மோதிரத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

நொண்டிக்குதிரைப் பள்ளம். அயர்ன்பார்க் மரங்களின் கறுத்த பட்டையில் காலை வெயில். இந்தக் காட்டில் எனக்குப் பிடித்தது, யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

முதலில் மெஷினுக்கு மண்ணைப் பழக்க வேண்டும். இங்கே மண்ணிலேயே இரும்பு. சும்மா விட்டால் எல்லா இடத்திலும் கத்தும். காலி இடமாகப் பார்த்து காயிலை மேலும் கீழும் தூக்கி இறக்கினால், 'இது வெறும் மண், இதற்குக் கத்தாதே' என்று அது கற்றுக்கொள்ளும். இடம் காலியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அடியில் தங்கம் இருக்கும் இடத்தில் பழக்கிவிட்டால் அந்தத் தங்கத்துக்கும் சேர்த்து அது செவிடாகிவிடும்.

அப்பா இடுப்பில் கட்டிய சங்கிலியை மண்ணில் இழுத்தபடி நடந்தார். நடந்த தடம் கோடாக விழும். விட்ட இடம், தொட்ட இடம் தெரியும்.

கேரவனில் வந்த ஒரு ஆள் வண்டியை நிறுத்தி, "இந்தப் பக்கம் எங்க கிடைக்குது?" என்றார்.

"மண்ணுக்குள்ள" என்றார் அப்பா.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இங்கே எல்லாரும் வெளியாட்களுக்குச் சொல்கிற பதில்தான். தங்கம் எங்கே எடுத்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்கிறவன் வெளியாள். எனக்கு அப்பா எப்போதும் கேட்காமலே சொல்லிவிடுவார். ஜன்னலில் இருக்கும் பழைய பிலிம் டப்பியைக் கவிழ்த்து ஒவ்வொரு தங்கத் துண்டாகத் தொட்டுக் காட்டுவார்: இது நரிவளைக்குப் பக்கம், இது கோணல் மரத்தடி. அம்மாவுக்குக்கூட அது தெரியாது.

இன்று எட்டு பூட்ஸ் ஆணிகள். தங்கம் இல்லை.

மார்ச் 23, சனி

இன்றும் ஒன்றுமில்லை.

மார்ச் 30, சனி

வேலிக்கு அந்தப் பக்கம் கோலின். மில்லில் இருபது வருடம் அப்பாவுக்குப் பக்கத்து ரம்பத்தில் நின்றவர்.

"டேய் நெவ்! உன் புது மெஷின்ல திரையெல்லாம் இருக்காமே. படம் தெரியுது, தங்கந்தான் தெரியலயாக்கும்?"

"நீ என்னத்த எடுத்துக் கிழிச்ச? போன வாரம் குதிரை லாடத்தத்தான தூக்கிட்டு வந்த?"

"லாடமாச்சும் கிடைச்சுதேடா. மிச்சக் குதிரையையும் தேடிக்கிட்டிருக்கேன்."

அப்பா சிரித்தார். உள்ளே வந்தபிறகு சிரிக்கவில்லை. பழைய மெஷினில் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது எடுப்பார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

அப்பா மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா மெஷினை எடுத்து, அவர் முடித்த இடத்திலேயே வீசிப் பார்த்தேன். முதல் பத்தடியிலேயே ஒரு ஈயக்குண்டு. கொஞ்சம் தள்ளி ஒரு நெளிவு. பிக்காசால் இரண்டு கொத்து, களிமண்ணைக் கையில் உடைத்தேன் — பட்டாணி அளவு. தங்கம்தான்.

கொண்டுபோய்க் காட்டினேன். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். "நல்லதா இருக்கே. நான் அந்தப் பக்கம் வரல."

வந்திருந்தார். என் குழியின் இரண்டு பக்கமும் அவருடைய சங்கிலிக் கோடு இருந்தது. குழியை மூடும்போது அந்தக் கோடுகளையும் காலால் அழித்துவிட்டேன், அவர் பார்க்காமல்.

கவனம் குறைந்துவிட்டது போல. வயசு. நான் அப்பாவைவிட நன்றாகத் தேடுகிறேன் என்று ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது — இருந்தது, பொய் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 20, சனி

ஈஸ்டருக்குத் தங்கம் தேடுகிறவர்கள் சங்கத்தின் பிக்னிக். வருடா வருடம் ஒரு புல்வெளியில் எண் போட்ட தகர வில்லைகளைப் புதைத்து வைப்பார்கள். அரை மணி நேரத்தில் யார் அதிகம் எடுக்கிறார்களோ அவர்களுக்குப் பழக்கேக். அப்பா நான்கு முறை ஜெயித்தவர்.

எல்லாரும் குனிந்து நிமிர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா நடந்துகொண்டே இருந்தார். எட்டு வயதுக் குழந்தைகள்கூட எடுத்தார்கள். கயிற்றுக்கு வெளியே நான் மெஷினின் திரையைப் பார்க்கிற தூரத்தில் நின்றேன். திரையில் எண் குதித்தது. அவர் நிற்கவில்லை. மறுபடி குதித்தது. நிற்கவில்லை.

கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான். பட்டமளிப்பு அன்று என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள், அதைக்கூடத் திருத்தவில்லை. இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

"அப்பா! அதையும் தாண்டிட்ட! அந்தக் கத்து கத்துது, உனக்குக் கேக்கலயா?"

சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த கோலின் இடுக்கியைத் தூக்கி, "விடும்மா, அவன் பொண்டாட்டி கத்துறதே அவனுக்குக் கேக்காது" என்றார். சிரிப்பு. எல்லாரும். அம்மாவும். நானும் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்?

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கேட்டுச்சு" என்றார். "குப்பைன்னு விட்டேன்."

அந்தக் களத்தில் குப்பையே கிடையாது. வில்லைகள்தான். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மெஷின் ஷெட்டில், ஆணியில் தொங்குகிறது.

மே 5, ஞாயிறு

"காட்டுக்குப் போகலயா?" என்றேன். முழங்கால் வலி என்றார். டிவி சத்தம் தெருவரை கேட்டது. அம்மா வழக்கம்போல, "அந்த மனுஷனுக்கு வேணுங்கிறது மட்டுந்தான் காதுல விழும்" என்றாள். இருபது வருடமாக இந்த வீட்டில் ஓடுகிற ஜோக் இது. நானும் சொல்லியிருக்கிறேன், ஸ்கூலில், சினேகிதிகளிடம்.

மே 18, சனி

மெஷின் சும்மாதானே இருக்கிறது, கொடுக்கிறாயா என்று கோலின் கேட்டிருக்கிறார். அப்பா யோசிக்கிறேன் என்றாராம். அம்மா சொன்னாள். துடைத்தாவது வைப்போம் என்று ஷெட்டுக்குப் போனேன்.

புது மெஷினுக்குப் பின்னால் பழைய மெஷின் சாய்ந்து கிடந்தது. திரை கிடையாது, நான்கு குமிழ்கள் மட்டும். ஒரு குமிழில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு. அதற்கு நேராகப் பெட்டியிலும் ஒரு பொட்டு. இரண்டும் சேரும் இடத்திலிருந்து நகராதபடி மேலே டேப் வேறு. சுருதிக் குமிழ். ஒரேயடியாகக் கீழே, அதற்குமேல் இறங்காது என்கிற இடத்தில்.

பேட்டரி போட்டுக் காதில் வைத்தேன். அடுத்த அறையில் ஒரு நாய் உறுமுகிற மாதிரி இருந்தது.

உறும வை. அது போதும்.

முப்பத்தொரு வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில். காதுக்கு மூடி கொடுத்ததே கடைசிப் பத்து வருடம்தான். மெல்லிய சத்தம், கீச்சுச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. எப்போதிலிருந்தோ கேட்பதில்லை. அதை யாரிடமும் சொல்லாமல், தனியாக உட்கார்ந்து, தனக்குக் கேட்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்திருக்கிறார். அவர் சொல்லக்கூடிய விதத்தில் என்னிடம் சொல்லவும் செய்தார், ஒரே வார்த்தையில். எனக்கோ புத்தகம்!

மோதிரத்தப் போட்ட அன்னிக்கு என் கையைப் பாத்துத்தான் தலையாட்டினாரு. கை நின்ன இடத்துல தலையாட்டினாரு. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்? மண்ணப் படிச்சேன், கல்லப் படிச்சேன். என்னத்தப் படிச்சேன்?

மே 19, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவ, அப்பா துடைத்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா. என் தப்பு. மெஷினும் என் தப்பு."

"என்ன?" என்றார்.

குழாயை மூடி, முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு முறை. மூன்று வாரமாக ஒத்திகை பார்த்ததை எல்லாம் அந்த முதல் முறையிலேயே செலவழித்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூன் 8, சனி

அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போனபோது ஷெட்டுக்குப் போனேன். மெனுவில் மூன்றாவது பக்கம். கீழே கீழே என்று பதினோரு முறை அழுத்தினால் உறுமல் வந்துவிட்டது. பழைய மெஷினையும் புதியதையும் ஒவ்வொரு காதில் வைத்து ஒன்றுபோல் ஆகும்வரை சரிசெய்தேன். ஐந்து நிமிட வேலை. மார்ச் ஒன்பதிலேயே ஐந்து நிமிட வேலைதான்.

என் நகப்பூச்சில் தண்டின்மேல் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன். சார்ஜ் போட்டு அதே ஆணியில் மாட்டினேன். அம்மாவிடம் மட்டும், கோலினுக்கு இப்போது கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

ஜூலை 6, சனி

காயிலில் தூசி. சிலந்திவலையும்.

ஜூலை 25, வியாழன்

தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில் வேலை. சுரங்க மண்ணைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். ஆகஸ்ட் 19 சேர வேண்டும். அப்பா கடிதத்தைக் கையில் வாங்கி, நின்றுகொண்டே, உதடு அசைய முழுவதும் படித்தார். பிறகு தபால் நிலையத்துக்கு நடந்து போனார். வாங்க அங்கே ஒன்றும் இல்லை, எல்லாரிடமும் சொல்லத்தான் போனார் என்றாள் அம்மா.

ஜூலை 28, ஞாயிறு

காயிலில் ஈரச் செம்மண்.

இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, இப்போதைக்குப் பார்க்கும் பேக்கரி வேலைக்கு நான் போனபிறகு போயிருக்கிறார். அம்மாவிடம் கேட்டேன். "இப்ப மூணு வாரமா போறாரே, வெள்ளிக்கிழமைன்னா. உனக்குத் தெரியாதா?" மூன்று வாரமா? துடைத்து வைத்துவிடுவாராம். இந்த முறைதான் விட்டுவிட்டார்.

சனியும் ஞாயிறும் நான் வீட்டில்தான் இருக்கிறேன். அப்போது முழங்கால் வலி.

ஆகஸ்ட் 17, சனி

நாளை காலையில் விமானம் என்பதால் இன்றே பெட்டி கட்டினேன். பள்ளம் முழுக்க வாட்டில் மரப் பூ மஞ்சளாக இருக்கும் இப்போது. போகலாமா என்று கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் பெட்டியை மூடும்போது அப்பா அறை வாசலில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து சிகரெட் தாளில் மடித்த ஒன்றை எடுத்தார். "வேலைக்குப் போறவளுக்கு." பிரித்துப் பார்த்தேன். அரிசி அளவு. அதைவிடச் சின்னது. இவ்வளவு சின்னதைப் பழைய மெஷினில்கூட அவர் எடுத்ததில்லை. நெளிவு கேட்டிருக்கிறது. சுருதி சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். நரிவளை, கோணல் மரம், ஏதாவது. சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாயில் வந்துவிட்டது. "எங்கப்பா கிடைச்சுது?"

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

"மண்ணுக்குள்ள."

கூடத்திலிருந்து அம்மா சிரித்தாள், வெளியாட்களிடம் சொல்கிற அந்தப் பழைய ஜோக்குக்கு. நானும் சிரித்துவைத்தேன்.

நான் மெதுவாகத்தான் கேட்டேன், பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு. இது மட்டும் அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.