கட்டக்கூடாத கைப்பிடி

தம்பி,

இரண்டு முறை சோப்பு போட்டும் உள்ளங்கையில் மாங்கிளைப் பாலின் நெடி போகவில்லை. இன்று காலை படப்பைப் பக்கத்துத் தோப்பில் உன் இயந்திரத்தை ஓட்டினோம். நீ போன பிறகு இதுதான் முதல் முறை.

கவாத்து செய்த கிளைகளைத் தோப்புக்காரர் முனுசாமி குவித்துக் கொளுத்துவார். உனக்குப் பொறுக்காது. "எங்க லைன்ல இரும்புச் சீவலக்கூட வாரி வெச்சிக்கிறாங்கண்ணே. நீ இன்னாடான்னா மரத்தோட சோத்தக் கொளுத்திக்கினு கீற," என்பாய். ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து, கொல்லையில் வெல்டிங் வைத்தே இந்த இயந்திரத்தைச் செய்து முடித்தாய். தரையில் கிடக்கும் கிளைகளை வாரி, உருளைகளுக்கிடையே இழுத்து நறுக்கி, அந்த மரத்தடியிலேயே மண் காயாதிருக்க மூடாக்காகப் போடும். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுவதுபோல என்று ஊராருக்கு நான் விளக்கினேன். விளக்க எனக்கு வரும். அதன் பக்கத்தில் நிற்கத்தான் வராது.

முதல் வெள்ளோட்டத்தில், இழுத்தால் இயந்திரம் நிற்கும் கயிற்றை என்னிடம் கொடுத்திருந்தாய். சிக்கிய கவட்டுக் கிளையை நீ திருப்பும்போது அது உன் சட்டைக் கையை மாட்டி உருளைகளுக்குள் இழுத்தது. நான் கயிற்றை இழுக்கவில்லை. கீழே போட்டுவிட்டேன். சட்டை கிழிந்ததால் நீ பிழைத்தாய்.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தா சாக்பீஸக் கீழ போட்ட கைதானக்கா இது," என்று சிரித்தாய். மறுவாரம் கயிறு போய்க் கைப்பிடி வந்தது. அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் உருளைகள் சுற்றும்.

"பயந்தா நீ வுட்டுடுவ. வுட்டா நிக்கட்டும்."

அதன்பின் இரண்டு மாதத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோயிற்று.

"அவரு பண்ணத துருப்புடிக்க வுடமாட்டேன் அண்ணி," என்று உன் மனைவி கமலா கையுறையை மாட்டிக்கொண்டு இன்று கிளைகளைத் திருப்பிவிடும் உன் இடத்தில் நின்றாள். நான் கைப்பிடியில். அரை வரிசை முடிவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன.

முனுசாமி கயிறோடு வந்தார். "டீச்சரம்மா, எத்தினி நேரம் புடிச்சிக்கினே நிப்பீங்க? இறுக்கிக் கட்டிட்டா அதுபாட்டுக்கு ஓடும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, தம்பி. பொய் சொல்ல மாட்டேன். அவர் கைப்பிடியில் கயிற்றை ஒரு சுற்றும் சுற்றிவிட்டார். கிழிந்த உன் சட்டைக் கை கண்ணில் வந்தது. "அவுத்துடுங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நானே அவிழ்த்தேன்.

நாலு மரம் தாண்டவில்லை. கமலாவின் உறை ஒரு கிளையில் மாட்டியது. "அண்ணி" என்றாளா, நான்தான் கத்தினேனா, தெரியாது. என் கை விட்டுவிட்டது.

உருளைகள் நின்றன. உறையின் விரல்நுனிகள் உள்ளே இருந்தன. அவள் விரல்கள் வெளியே. அவள் ஐந்தையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே கழி வெச்சித்தான் தள்ளணும் அண்ணி," என்றாள் பிறகு. நாளை அடுத்த வரிசையாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முனுசாமியின் கயிறு என் கைப்பையில் இருக்கிறது. கேட்டார். கொடுக்கவில்லை.

உன் அக்கா