கேஜில் அடைத்த சந்தனம்

என் செல்லத் தங்கை ரெஜினாவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. விவேக் நகர் வீட்டில் உன் சீருடை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது; அம்மா எடுக்க விடவில்லை. நாம் வேலை பார்த்த விமானக் கொட்டகையில், அதான் ஹேங்கரில், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடும் உன் இன்ஸ்பெக்டர் வேலையை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே.

நீ கையெழுத்துப் போட மறுத்த அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள். டர்போ பொருத்திய சின்ன விமானம் ஒன்றின் இன்ஜினை ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து எரிபொருள் அழுத்தத்தை நான் சரிசெய்திருந்தேன். விமானத்தின் சொந்தக்காரர் பெட்டியோடு நின்றார். "ஸ்வல்ப சீக்கிரம் பாரும்மா" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார்.

நீ மறுபடி ஓட்டச் சொன்னாய். "அண்ணா, கேஜ் கரெக்டா காட்டுது. அப்ப ஏன் இவ்ளோ சூடு ஏறுது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்லதான் மதிக்கல, இங்கயுமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ கேஜின் காற்றுக் குழாயைக் கழற்றினாய்.

டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை மீறித்தான் பெட்ரோல் உள்ளே போக வேண்டும். அதனால்தான் கேஜுக்கு இரண்டு குழாய், பெட்ரோலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே அது காட்டுகிறது. காற்று வழி அடைத்தால் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும். பூஜையில் கேஜுக்கு நான் அப்பிய சந்தனம், காற்றுக் குழாய் மாட்டும் துளையில் இறுகிக் கிடந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனின் பக்தியைப் பார். அப்படியே பறந்திருந்தால், முழு வேகத்தில் ஏறும்போதே பிஸ்டன் உருகியிருக்கலாம்.

பதிவேட்டில் என் பெயரை மறைக்காமல் எழுதினாய். ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. நீயோ எப்போதும்போல என் தட்டில் மீன் வைத்தாய். இவ்வளவு கறாரானவளுக்குக் கொஞ்சம்கூட அகம்பாவம் இல்லாமல் போனது எப்படி? நீ செய்தது சரி என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாயா?

போன வாரம் அந்தச் சொந்தக்காரர் அதே விமானத்தை எடுக்க வந்தார். நீ இறந்தது அவருக்குத் தெரியாது. சொன்னதும் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "மேடம் சைன் இருந்தா யோசிக்காம ஏறுவேன். இப்ப யாரு பாக்கறாங்க?"

"நான்தான் சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்குத் தப்பு பண்ணவனும் நான்தான்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இன்னொரு தரம் பாத்துடுங்க" என்றார்.

பார்த்தேன், ரெஜி. இரண்டு குழாயையும் கழற்றி, ஊதி, முதலிலிருந்து பார்த்தேன். கோபம் வரவில்லை. இனி யார் மறுபடி பார்க்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. அன்று நீ செய்ததுதான் சரி. உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை, எல்லாரும் படிக்கும் இந்தக் கடிதத்தில் ஊரறியச் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
சேவியர்